அரை மூட்டை வெங்காயம்

எங்கள் அப்பாவுக்குக் கோயம்பேட்டில் வெங்காய மண்டி. விடியற்காலை வியாபாரம் ஓய்ந்து, பையன்கள் சாக்கை உதறிச் சருகைக் கூட்டிக்கொண்டிருக்கிற நேரமாகப் பார்த்து அவர்கள் வருவார்கள். வெள்ளை அங்கி, தலையில் முக்காடு, எப்போதும் இரண்டு பேர், பின்னால் ஒரு வேன். மூத்த சிஸ்டர் நேராகக் கல்லாவுக்கு வந்து, "அண்ணாச்சி, பெரியவங்களுக்கு ஏதாச்சும் குடுங்க" என்பார். அவ்வளவுதான். துண்டுப் பிரசுரம் கிடையாது, பிரசங்கம் கிடையாது. கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். இல்லையென்றால் "சரி அண்ணாச்சி, அடுத்த வாட்டி" என்று பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். முகம் மட்டும் சுருங்காது. எனக்கு அதுதான் எரிச்சலாக இருக்கும்.

2010 டிசம்பர். வெங்காய விலை கன்னாபின்னாவென்று ஏறிக் கிடந்தது. நான் பி.காம். முடித்துவிட்டுக் கல்லாவில் உட்காரப் பழகிக்கொண்டிருந்தேன். அப்பா அன்றைக்கு நல்ல மூடில் இல்லை.

"சிஸ்டர், வெங்காயம் என்ன விலை போவுதுன்னு தெரியும்லா?"

"தெரியும் அண்ணாச்சி. அதான் முழு மூட்டை கேக்கல. அரை மூட்டை கேக்கேன்."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் 'கேக்கே'னில் எங்கள் ஊர்ப் பக்கத்து வாசனையும் அடித்தது. "போட்டுக் குடுங்க" என்றார். கணக்கப்பிள்ளை மாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தானே எழுந்து போய் எடைபோட்டு வேனில் ஏற்றிவிட்டு வந்தார். அவர் இருப்பிடத்தை விட்டு எழுந்திருப்பது அபூர்வம். பெரிய மூட்டைக்காரர்கள் வந்தாலே உட்கார்ந்தபடி ஒரு கும்பிடு போடுவார், அவ்வளவுதான்.

அவர்கள் போனதும் நான் கேட்டேன். "ஊர் முழுக்கக் கேட்டு வாங்கிச் சாப்பாடு போடுறதுக்கு, ஒரு டிரஸ்ட் வச்சு, பேங்க்ல பெரிய தொகையைப் போட்டு, வட்டியில நடத்தலாம்ல?" பி.காம். படித்த வாய். அப்பா 'ஏற்பது இகழ்ச்சி'யில் வளர்ந்த மனுஷன், என் பக்கம் பேசுவார் என்று நினைத்தேன். "அதுக்கு அடுத்த வரி என்னல?" என்றார். ஐயமிட்டு உண். "ஒருத்தன் ஏத்தாத்தானல இன்னொருத்தன் இட முடியும்?" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டார்.

அந்த சிஸ்டர்கள் ஏழைகளின் சிறு சகோதரிகள் என்ற கத்தோலிக்கக் கன்னியர் சபையைச் சேர்ந்தவர்கள். சென்னையில் சேத்துப்பட்டு ஹாரிங்டன் சாலையில் இவர்களுக்கு ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. கொழும்பில் மருதானையில் ஒன்று. இந்தியாவுக்கு முதலில் வந்தது கல்கத்தாவுக்கு, 1882இல். லொரேட்டோ மடத்தை விட்டு வெளியே வந்த அன்னை தெரசா, 1948 டிசம்பரில் சேரி வேலையைத் தொடங்கியபோது தங்க இடம் கொடுத்தது இந்தக் கல்கத்தா இல்லம்தான். இந்தத் தகவலைச் சொன்னால் எங்கள் மார்க்கெட்டில் உடனே மரியாதை கூடும். மதர் தெரசா பெயர் அப்படி. ஆனால் அவருக்கு நூறு வருஷத்துக்கும் முன்னால், இந்தச் சபையைத் தொடங்கிய அம்மாவின் பெயர் யாருக்கும் தெரியாது. அவரோடு இருந்த கன்னியருக்கே ரொம்ப நாள் தெரியாது. அந்தக் கதைக்கு வருகிறேன்.

ழான் ஜுகான். 1792 அக்டோபரில் பிரான்ஸின் பிரிட்டனிப் பகுதியில், கான்கால் என்கிற மீன்பிடி ஊரில் பிறந்தவர். நாலு வயது முடிவதற்குள் அப்பா கடலில் போய்விட்டார். கூடப் பிறந்தவர்கள் பலர், வீட்டில் சல்லிக்காசு இல்லை. மாடு மேய்த்து, கம்பளி நூற்று, பதினைந்து பதினாறு வயதில் ஒரு பெரிய வீட்டில் சமையல்கட்டு வேலைக்குப் போனார். ஒரு மாலுமி பெண் கேட்டு வந்தான். வேண்டாம் என்றார். கடவுள் தன்னை இன்னும் தொடங்கப்படாத ஏதோ ஒரு வேலைக்கு வைத்திருக்கிறார் என்று அம்மாவிடம் சொன்னாராம். அந்த 'இன்னும் தொடங்கப்படாத வேலை' தொடங்க இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. நடுவில் சான் செர்வான் என்ற துறைமுக ஊரில் ஆறு வருஷம் ஆஸ்பத்திரி வேலை, அப்புறம் பன்னிரண்டு வருஷம் ஒரு அம்மாவுக்குப் பணிவிடை.

1839 குளிர்காலம். ழானுக்கு 47 வயது. எழுபதைத் தாண்டிய ஒரு தோழியோடும், விர்ஜினி என்ற அனாதைப் பெண்ணோடும் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறார். நூல் நூற்பதும் துணி வெளுப்பதும்தான் பிழைப்பு. அந்த நேரத்தில் ஆன் ஷோவான் என்ற கிழவி, கண் தெரியாதவர், கை கால் விழுந்தவர், ஆதரவில்லாமல் நிற்கிறார். ழான் அவரை அந்தக் குறுகல் படியில் தூக்கிக்கொண்டு வந்து தன் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, தான் பரணில் போய்ப் படுத்துக்கொண்டார். சபை தொடங்கியது இப்படித்தான். மடம், மணி, சட்டம் எதுவும் அப்போது இல்லை. கட்டில் கைமாறியது, அவ்வளவே.

கட்டிலைக் கொடுத்துவிடலாம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது? இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அடுத்தடுத்து வந்து சேர்ந்த கிழவிகள் பலர் அதற்கு முன் தெருவில் பிச்சை எடுத்துக்கொண்டிருந்தவர்கள். வீட்டுக்கு வந்த பிறகும் சோற்றுக்கு அதே வழிதான். ழான் அவர்களிடம் கேட்டார்: எந்தெந்த வீட்டில் உங்களுக்குப் போடுவார்கள்? விலாசம் சொல்லுங்கள். அந்தப் பட்டியலை வாங்கிக்கொண்டு, கூடையை எடுத்துக்கொண்டு, அதே வாசல்களில் போய் நின்றார். இனி அவள் வரமாட்டாள், அவளுக்குப் பதில் நான் வருவேன், அவளுக்குப் போட்டதை எனக்குப் போடுங்கள்.

எங்கள் வியாபாரத்தில் இதற்கு லைன் மாற்றிக்கொள்வது என்று பெயர். பழைய சேல்ஸ்மேன் விலகும்போது எந்தக் கடையில் எவ்வளவு எடுப்பார்கள், யார் கடன் சொல்வார்கள், யாரிடம் காலையில் போகக் கூடாது எல்லாம் புதியவனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவான். ழான் வாங்கிக்கொண்டது பிச்சைக்காரிகளின் லைனை. தன் கையால் உழைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண், ஊரில் எல்லாரும் முகம் தெரிந்தவர்கள், அவர்கள் வாசலில் போய்க் கை நீட்டுவது சாதாரணமில்லை. வெட்கமாகத்தான் இருந்ததாம்.

அடி வாங்கிய கதையும் உண்டு. நச்சரிக்கிறாள் என்று ஒரு ஆள் கையை ஓங்கி அடித்துவிட, "இது எனக்கு. என் ஏழைகளுக்கு ஏதாவது கொடுங்கள்" என்றாராம். இந்தக் கதையை முதலில் கேட்டபோது, சரி, புனிதர்கள் கதை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அப்புறம்தான் அந்த அரை மூட்டைப் பதில் நினைவுக்கு வந்தது. அதே வீட்டுப் பேச்சு.

1841இல் பழைய மதுக்கடை இருந்த ஒரு பெரிய இடம், மறு வருஷம் ஒரு பழைய மடம் என்று வீடு பெரிதாகிக்கொண்டே போனது. 1845இல் பிரெஞ்சு அக்காதமி அவருக்கு நற்செயலுக்கான மோந்தியோன் பரிசு கொடுத்தது, 3,000 பிராங்க். விழாவில் அவரைப் பற்றிப் படித்த உரையை அச்சடித்துக் கையில் வைத்துக்கொண்டு வசூலுக்குப் போனார். பேப்பரில் வந்ததைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேல் மாட்டுகிற நம் ஆட்களின் சாமர்த்தியம் அவரிடமும் இருந்தது.

ஆனால் அந்தப் பரிசு வந்தபோது அவர் சபைத் தலைவி இல்லை. அதுதான் வேடிக்கை.

லு பாயேர் என்று ஒரு இளம் சாமியார். அந்த ஊர்ப் பங்கில் துணைக் குரு. தொடக்கத்தில் உதவியாக இருந்தவர்தான். 1843 டிசம்பரில் சகோதரிகள் கூடி ழானை மறுபடியும் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து இந்தச் சாமியார் அந்தத் தேர்தலைச் செல்லாது என்று ரத்து செய்துவிட்டு, மரி ஜாமே என்ற 23 வயதுப் பெண்ணைத் தலைவியாக்கினார். ழானுக்கு அப்போது 51. ஒரு சொல் சொல்லவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போனார். ரென், தினான், தூர், ஆன்ஜே என்று ஊர் ஊராகப் போய் வசூலித்தார். புது வீடு ஒன்று தள்ளாடினால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நிமிர்த்தி வைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்.

1852இல் அந்தப் பகுதி ஆயர் இந்தச் சபைக்கு ஒப்புதல் கொடுத்தார். ழானை வசூலிலிருந்தும் நிறுத்தி மடத்துக்குள் வரச் சொல்லிவிட்டார்கள். பழைய உபகாரிகளோடு தொடர்பு வேண்டாம் என்றும் உத்தரவு. முதலில் ரென் ஊர் மடத்தில், கடைசியில் சான் பெர்ன் என்ற கிராமத்துத் தலைமை மடத்தில், பயிற்சியில் இருக்கும் நவகன்னியர் நடுவில், சிஸ்டர் மரி த லா குருவா, அதாவது சிலுவையின் மரி என்ற பெயரோடு மொத்தம் 27 வருஷம். கையில் ஒரு தடி வைத்துக்கொண்டு தோட்டத்தில் நடக்கிற பாட்டி. புதிதாக வரும் பெண்களுக்குச் சபையைத் தொடங்கியவர் லு பாயேர் சாமியார் என்றும், முதல் சகோதரிகள் மரி ஜாமேயும் விர்ஜினியும் என்றும் சொல்லிக் கொடுக்கப்பட்டது. பக்கத்தில் உட்கார்ந்து அவர்களோடு சூப் குடித்துக்கொண்டிருக்கிற கிழவி மூன்றாவதாக வந்து சேர்ந்தவள் என்று கணக்கு.

ஒரே ஒரு தடவை அந்தச் சாமியாரிடம், "என் வேலையை நீங்கள் என்னிடமிருந்து திருடிக்கொண்டீர்கள். ஆனாலும் மனசார விட்டுத் தருகிறேன்" என்று சொன்னதாகச் சபை வரலாற்றில் இருக்கிறது. இதைத் தாழ்ச்சியின் சிகரம் என்று மறையுரையில் சொல்வார்கள். எனக்கு அந்த இரண்டாவது வாக்கியத்தைவிட முதல் வாக்கியம்தான் பெரிதாகத் தெரிகிறது. திருட்டு என்று பெயர் சொல்லித்தான் கொடுத்திருக்கிறார். அநியாயத்தை அநியாயம் என்று தெரியாமல் பொறுத்துக்கொண்ட அப்பாவி இல்லை அந்த அம்மா.

1879 ஆகஸ்ட் 29இல், 86 வயதில் இறந்தார். அப்போது சபையில் 2,400 சகோதரிகள். பதினொரு வருஷம் கழித்து, 1890இல், ரோமிலிருந்து லு பாயேரைக் கூப்பிட்டு விசாரித்துப் பொறுப்பிலிருந்து இறக்கினார்கள். மரி ஜாமேயும் சாவதற்கு முன் உண்மையைச் சொல்லிவிட்டார்: நான் முதலாவது இல்லை, அப்படிச் சொல்லச் சொன்னார்கள். 1982இல் ழானுக்குப் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம், 2009இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் கையால் புனிதர் பட்டம்.

இனி என் பி.காம். கேள்விக்கு வருகிறேன். வட்டியில் நடத்தலாமே? அந்தக் கேள்வி 1860களிலேயே அவர்களுக்கு வந்துவிட்டது. நிரந்தர வருமானம் வருகிற மாதிரிச் சொத்து எழுதிவைக்க ஆட்கள் தயாராக இருந்தார்கள். 1865இல் சபை ஆலோசனைக் குழு கூடியபோது, எந்தப் பதவியிலும் இல்லாத ழானையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். வேண்டாம் என்றார். நிரந்தர வருமானம் வைத்துக்கொள்வதில்லை என்ற அந்த முடிவில் அவர் கையெழுத்தும் இருக்கிறது. எழுதப் படிக்கப் பெரிதாகத் தெரியாதவர் போட்ட கையெழுத்து.

வியாபாரி மூளைக்கு இது இன்னும் முழுசாக ஒட்டவில்லை. கையிருப்பு இல்லாமல் கடை நடத்துகிறவனை நாங்கள் சூதாடி என்போம். வெள்ளம் வந்தால்? பந்த் வந்தால்? அவர்களுக்கு இருக்கிற ஒரே பேங்க் மேனேஜர் இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பர். எந்தச் சாமான் தீரப்போகிறதோ அதில் கொஞ்சம் எடுத்து அவர் சுருபத்தின் காலடியில் வைத்துவிடுவது பழைய வழக்கம். ஆன்ஜே ஊரில் கிழவர்கள் வெறும் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "வெண்ணெய் விளைகிற சீமை இது, சூசையப்பரிடம் ஏன் கேட்கவில்லை?" என்று ழான் காலி வெண்ணெய்ச் சட்டிகளைச் சுருபத்தின் முன்னால் அடுக்கச் சொன்னார். எங்கள் பெரியவர்களுக்கு வெண்ணெய் அனுப்பும் என்று ஒரு அட்டையும் எழுதி வைத்தார். வந்து பார்த்தவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்கும். சீக்கிரமே எங்கிருந்தோ வெண்ணெய் வந்தது. வேண்டுதல் பாதி, விளம்பரம் பாதி என்று எனக்குத் தோன்றும். அப்படிச் சொன்னால் சிஸ்டர்கள் கோபித்துக்கொள்ளமாட்டார்கள் என்றும் தோன்றுகிறது.

கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகளோடு, அதாவது துறவிகள் கொடுக்கும் வாக்குகளோடு, இவர்களுக்கு நாலாவதாக விருந்தோம்பல் என்று ஒன்று உண்டு. வருகிறவர் வயதானவராக, ஏழையாக இருக்க வேண்டும். மதம் கேட்பதில்லை. இப்போது ஏறக்குறைய முப்பது நாடுகளில் இல்லங்கள் இருக்கின்றன. மேல்நாடுகளில் பெண்கள் சேர்வது குறைந்து பல இல்லங்களை மூடிக்கொண்டும் வருகிறார்கள். அமெரிக்காவில் பலருக்கு இவர்கள் பெயர் தெரிந்தது ஒரு வழக்கால்: கருத்தடைக் காப்பீடு பற்றியது, 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தில் 7-2 என்று இவர்கள் பக்கம் தீர்ப்பு. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை.

எங்கள் கணக்கப்பிள்ளை மாமாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா மண்டி தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் பேரேடு. 2012இல் நான் கம்ப்யூட்டரில் டாலி போட்டேன். இரண்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து திரையைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, கண் புரை, முழங்கால் என்று சொல்லி நின்றுவிட்டார். தம்பி மகன் வீட்டில் ஆறு மாதம். அப்புறம் தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் மாதம் பணம் கட்டுகிற ஒரு முதியோர் இல்லம். நாங்களும் கொஞ்சம் கட்டினோம். நான் ஒரு தடவைதான் போனேன், அதையும் சொல்லிவிட வேண்டும். சாப்பாட்டுத் தட்டில் பேர் எழுதி ஒட்டியிருந்தார்கள். பணம் இரண்டு மாதம் பிந்தியபோது தட்டைத் தனியாக வைத்ததாக மாமா சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. கணக்காகச் சொன்னார்.

அப்பாதான் ஒருநாள் மண்டிக்கு வந்த சிஸ்டரிடம் கேட்டார். "எங்க கணக்குப்புள்ளைக்கு இடம் இருக்குமா சிஸ்டர்?" அப்பா யாரிடமும் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை. குரல் கொஞ்சம் அடைத்தது. சிஸ்டர் யோசிக்கவில்லை. "அவங்க எடைபோட்டா நல்லா தாராளமா இருக்கும் அண்ணாச்சி. எடம் பாப்போம்" என்றார்.

இடம் கிடைக்க நாலு மாதம் ஆனது. அங்கே நான் மாதம் ஒரு தடவையாவது போனேன். மாமா சமையலுக்குப் பின்னால் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். யாரும் செய்யச் சொல்லவில்லை. வேனில் வந்த காயைப் பிரிக்கும்போது பக்கத்தில் போய் நின்றுகொள்வாராம். தக்காளியில் அடிபட்டதைத் தனியே ஒதுக்கி, இன்றைக்கே ரசத்துக்குப் போடுங்க, நாளைக்குத் தாங்காது என்பாராம். வெங்காயத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "இது நாசிக் இல்ல, கர்நாடகா" என்று தீர்ப்பு வேறு. "தம்பி, இங்க கையிருப்பு நாலு நாளைக்குத்தான் இருக்கு. ஆனா சாப்பாடு பிந்தல. எப்படின்னு பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார். தணிக்கைக்கு வந்த ஆடிட்டர் மாதிரிதான் இருந்தார் அங்கே.

2018இல் ஒரு ராத்திரி போன் வந்தது. நானும் அப்பாவும் போனபோது மணி ஒன்று. அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு இளம் சிஸ்டர் செபமாலையோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளாக மாற்றி மாற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். யாரையும் தனியாகச் சாக விடுவதில்லை என்பது சபை தொடங்கிய காலத்திலிருந்தே வழக்கம் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். மாமாவின் உதட்டை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டே இருந்தார் அந்தப் பெண். தலையணைக்குப் பக்கத்தில் மாமாவின் திருநீற்றுப் பொட்டலம், மடித்த மடிப்பு மாறாமல் இருந்தது. அப்பா அதைப் பிரித்துப் பூசிவிட்டார். சிஸ்டர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். விடிவதற்குள் முடிந்துவிட்டது.

2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேட்டை மூடி, மொத்த வியாபாரத்தைத் திருமழிசைக்குக் கொண்டுபோனார்கள். கடையைக் காலி பண்ணும்போது பரணிலிருந்து பழைய பேரேடுகளை இறக்கினோம். சிவப்புத் துணி அட்டை, மாமாவின் சாய்ந்த கையெழுத்து. எடைக்குப் போட மனசில்லாமல் சும்மா புரட்டிக்கொண்டிருந்தேன். 2010 டிசம்பர் வந்தது. தேதிக்கு நேரே, மகமைக் கணக்கில், அதாவது தர்மக் கணக்கில்: சிஸ்டர் வகை, வெங்காயம் ½ மூட்டை. அதற்கு நேர் கீழே, அதே தேதி, அதே மையில்: மேற்படி வகை, வெங்காயம் ½ மூட்டை, சொந்தப் பற்று. அந்த மாதச் சம்பளத்தில் பிடித்திருக்கிறார். முன்னும் பின்னும் புரட்டினேன். மாதத்துக்கு இரண்டு தடவை இருந்தது.